சங்க மண்டபத்துச் சரவிளக்கு காய்த்த வருஷம்

மஞ்சளோடைப்பட்டியில் ஒரு பிள்ளைக்கு வயசு கேட்டால், சங்க மண்டபத்துச் சரவிளக்கு காய்த்ததற்கு முந்திப் பிறந்ததா பிந்திப் பிறந்ததா என்றுதான் முதலில் யோசிப்பார்கள். புயலை வைத்தும் பஞ்சத்தை வைத்தும் வருஷம் சொல்லும் ஊர்கள் இருக்கிறபோது ஒரு விளக்கை வைத்துச் சொல்லக்கூடாதா என்ன. மேற்கே மலை, கிழக்கே ஆறு, நடுவில் கண்ணுக்கு எட்டியவரை கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல், பந்தல்களுக்கு நடுவே திராட்சை விவசாயிகள் சங்கம் கட்டிய கல்யாண மண்டபம், அந்த மண்டபத்துக்குள்ளே மணவறைக்கு நேர் மேலே அந்தச் சரவிளக்கு.

அது மலை மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் தொங்கியது. பங்களாவை விற்றபோது சங்கத்துக்காரர்கள் நாலு பேர் ஜீப்பில் போய், வைக்கோல் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டு வருவது மாதிரி கொண்டு வந்தார்கள். எட்டுப் பித்தளைக் கைகள், கைக்கு மூன்று பல்பு, கம்பி கம்பியாய் நூற்றி எண்பது படிகத் துளிகள். முப்பது வருஷத்து ஓமப் புகையும் சாம்பிராணியும் அப்பளம் பொரித்த எண்ணெய்ப் புகையும் ஏறி ஏறி, வெல்லப்பாகில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. துளிகளும் ஒவ்வொன்றாய்ப் போயின. கல்யாணத்துக்கு வந்த பையன்கள் கவண் அடித்ததில் பாதி போனது. ஒன்றை ஒரு கொத்தனார் தூக்குக்குண்டுக்கு ஆகும் என்று இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவேயில்லை. ஒன்று வாடகைக் கார் ஒன்றின் கண்ணாடிக்குக் கீழே ஆடிக்கொண்டு கம்பம் வரைக்கும் போய் வந்தது. ஒரு கல்யாணப்பெண்ணின் தங்கச்சி அது வேணும் என்று தாலி கட்டும் வரை அழுததால் ஒன்றைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அறுபத்தொன்றுதான் மிச்சம்.

மண்டபத்தைப் பார்த்துக்கொண்டவள் பவுன்தாய். இருபத்துமூன்று வயசில், கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், புருஷன் ஓட்டிய லாரி மலைப்பாதையில் உருண்டது, பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்த மண்டபத்தின் பின்கட்டு அறையிலேயே இருந்துவிட்டாள். எந்த அண்டா யாருடைய விசேஷத்தில் நசுங்கியது, எந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பிக்குச் சண்டை போடுவார்கள், எவர் ரசத்துக்கு, எல்லாம் அவளுக்கு அத்துபடி. அவளில்லாமல் அந்த ஊரில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. அவள் பார்த்து ஒரு கல்யாணம் நடந்ததுமில்லை. கெட்டிமேளத்துக்குக் கை உயரும்போது அவள் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைத் தொட்டிக்குப் போய்விடுவாள். போ என்று யாரும் சொன்னதில்லை. முதல் வருஷம் சங்கத் தலைவர் சுருளிச்சாமியின் சம்சாரம் குருவம்மா ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்க வேண்டிய வேலையே குருவம்மாவுக்கு இருக்கவில்லை.

பக்கத்து ஊரில் ஏசி வைத்த மஹால் ஒன்று திறந்து, முகூர்த்தங்கள் அங்கே நழுவ ஆரம்பித்த வருஷம், சங்கம் கூடி யோசித்தது. தலைவர் சுருளிச்சாமி எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கி, இதுக்குள்ளே அந்த விளக்கைப் புதுசு பண்ணிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அறுத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு நாலு சதுர லைட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். காட்ட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒன்று பவுன்தாய். இன்னொன்று லைட்டுக்கார தெய்வேந்திரன். மூன்று தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து முடித்துத் தலை நிமிர்ந்து பார்த்தபோது தன் தலை நரைத்திருந்ததைக் கண்டவர், நாற்பத்தொன்பது வயசு, பம்புசெட்டு மோட்டாரோடும் ஃபியூஸ் கட்டையோடும் மனுஷர்களோடு பேசுவதைவிட அதிகமாகப் பேசுகிறவர்.

மாசி முழுக்க வேலை நடந்தது. கப்பி போட்டு விளக்கைக் கீழே இறக்கினார்கள். துளிகளை ஒவ்வொன்றாய்க் கம்பியிலிருந்து கழற்றி, எது எந்தக் கையைச் சேர்ந்தது என்று நூல் கட்டி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டித்துணியால் துடைத்தாள் பவுன்தாய். பித்தளைக்குப் புளியும் செங்கல் பொடியும். கடைசி அலசலுக்குத் தினமும் அரிசி கழுவிய தண்ணீர். அவள் வளர்த்த எதற்கும் அவள் அதைத்தான் ஊற்றினாள், கறிவேப்பிலைக்கும் அதுதான், கனகாம்பரத்துக்கும் அதுதான். தெய்வேந்திரன் எலி கடித்த வயரையெல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புது வயர் இழுத்து, மெழுகுவத்தி மாதிரி கூம்பின மஞ்சள் பல்புகளாய்ப் பார்த்து வாங்கி மாட்டினார். எட்டாயிரம் அதோடு தீர்ந்தது. மதுரைக் கடையில் ஒரு படிகத் துளிக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு ரெண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடித்துப் பஸ் ஏறிவிட்டார்கள். பாசிமணி கோத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. வளையல் துண்டு கட்டிப் பார்த்தாள், திருவிழாச் சப்பரம் மாதிரி இருந்தது. மறுபடி மேலே ஏற்றியபோது பித்தளை தங்கமாய்ப் பளபளத்தது, ஆனால் நூற்றுப் பத்தொன்பது கம்பிகள் வெறும் கம்பிகளாய், கவாத்து வெட்டின கொடி மாதிரி மொட்டையாய்த் தொங்கின.

சுருளிச்சாமி வந்து அண்ணாந்து பார்த்தார். நல்லாத்தான் துலக்கியிருக்கீங்க என்றார். அப்புறம், மொட்டைத் தலைக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு, அறுத்துருங்க என்றார்.

தெய்வேந்திரன் ஏணியில் ஏறினார். பவுன்தாய் ஏணியைப் பிடித்தாள். இந்த இடத்தில்தான் அது நடந்தது, அதுவும் பழக்கதோஷத்தால் நடந்தது. காய்க்காத மரத்தை மிரட்டுவது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஒருத்தர் அரிவாளோடு போய் மரத்தை ரெண்டு தட்டுத் தட்டி, காய்க்கிறியா வெட்டிரவா என்று கேட்கணும். கூட நிற்கிற இன்னொருத்தர் மரத்துக்காகப் பரிந்து பேசணும். அப்புறம் தேய்ந்த விளக்குமாறு ஒன்றைக் கிளையில் கட்டிவிட்டால் மரத்துக்குச் சூடு சொரணை வந்துவிடும். தெய்வேந்திரன் மனசு கேட்காமல், ரம்பத்தின் முதுகால் பித்தளைக் கையை டொண் டொண் என்று ரெண்டு தட்டி, “என்ன, காய்க்கிறியா, வெட்டிரவா?” என்று கேட்டார். ஏணியைப் பிடித்திருந்த பவுன்தாய், அவள் பாட்டில், வேறெதையோ நினைத்துக்கொண்டு, “வேண்டாம், விட்டுருங்க, காச்சிரும். நான் பொறுப்பு” என்றாள்.

சுருளிச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வாயோடு அறுக்கச் சொல்ல அவரால் முடியவில்லை. ஒரு வாரம் கிடக்கட்டும் என்று போய்விட்டார். தெய்வேந்திரன் செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று அவள் எடுத்து நீட்டிய தேய்ந்த விளக்குமாறை வாங்கி, விளக்கின் நடுத்தண்டில் கட்டிவிட்டு இறங்கினார்.

மூன்றாம் நாள் காலையில் பெருக்க வந்த பவுன்தாய் பார்த்தபோது, வெறுங்கம்பிகளின் நுனியில் கடுகளவுக்கு முளைவிட்டிருந்தது. அவள் விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டுப் போய் ஒரு சொம்பு கழுநீர் கொண்டு வந்து ஏணி போட்டு ஏறித் தெளித்தாள். ஒரு வாரத்தில் அரிசி அளவு, ரெண்டாம் வாரம் சுண்டைக்காய், சித்திரை பிறந்தபோது கொத்துக் கொத்தாய்க் கோலிக்குண்டு. முதலில் உருண்டையாய்ப் பால் நிறத்தில் வந்தவை, முற்ற முற்றத் தெளிந்து, கடைசியில் முகம் முகமாய்ப் பட்டை விழுந்து, தட்டினால் கிணுங்கென்றன.

ஊர் வந்து பார்த்தது. திராட்சைக்காரர்கள் ஆனபடியால் அவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட நேரமில்லை, சொல்வதற்கு நிறைய இருந்தது. கொத்து நெருக்கமாய் இருக்கிறது, இடையில் காய் கிள்ளி விட்டால்தான் மற்றது திரளும் என்றார் ஒருவர். காற்றோட்டம் பத்தாது, தெற்குச் சன்னலைத் திறந்து வை என்றார் இன்னொருவர். மேல்கொத்தில் லேசாய்ச் சாம்பல் படிந்த மாதிரி இருக்கவே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடிக்க வேண்டும் என்று ஒரு கட்சியும், மண்டபத்துப் பெயிண்ட் என்ன ஆகும் என்று ஒரு கட்சியும் ரெண்டு நாள் பேசாமல் இருந்தன. பவுன்தாய் ஒட்டடைக்கம்பில் துணி சுற்றித் துடைத்த பிறகுதான் அது சாம்பிராணிப் புகை என்று தெரிந்து ராசியானார்கள். விவசாய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஏணியில் ஏறி ஒரு காயைத் தொட்டுப் பார்த்து, நல்லா வந்திருக்கு, ஆனா கண்ணாடிக்குத் திட்டம் எதுவும் இல்லை என்று வருத்தப்பட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். மைனாக்கள் வெண்டிலேட்டர் வழியாக வந்து கொத்திப் பார்த்து அலகு வலித்துத் திரும்பின. மூன்று நாளில் எல்லாருக்கும் பழகிவிட்டது. முதல் கொத்து ஓடைக்கரை அம்மனுக்குப் போனது. பிறகு தாலி கட்டி முடித்த ஜோடிக்கு ஒரு காய் என்று சங்கம் தீர்மானம் போட்டது. வீட்டில் சன்னலில் கட்டினால், கரண்டு போன நேரத்தில் பகலில் குடித்த வெயிலை ஒரு அரைமணி நேரம் அது திருப்பித் தரும். வேறே விசேஷம் ஒன்றுமில்லை, நக்கிப் பார்த்தால் கொஞ்சம் இனிப்பு. வைகாசியில் பக்கத்து ஊர் மஹாலுக்குக் கொடுத்த அட்வான்ஸை விட்டுவிட்டுக்கூட ஜனங்கள் சங்க மண்டபத்துக்கு வந்தார்கள். பந்தியில் ஏழு நிறமும் இலையில் விழும்; பச்சைச் சோறும் ஊதா அப்பளமுமாய்ச் சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்த பிள்ளைகள் அந்த நிறத்தையும் வழித்து நக்கினார்கள்.

ஊருக்கு வேறொன்று தெரிந்து போயிற்று. கேட்டது தெய்வேந்திரன், பொறுப்பேற்றது பவுன்தாய், காய்த்தது கண்ணாடி. கண்ணாடியே காய்க்குமென்றால் எலுமிச்சை காய்க்காதா? முதலில் எலுமிச்சைத் தோட்டத்துக்காரர் வந்து கூப்பிட்டார். போனார்கள். தெய்வேந்திரன் ரம்பத்தால் தட்டினார், அவள் பரிந்து பேசினாள், இருபது நாளில் மரம் மஞ்சளாய்ச் சாய்ந்தது. அப்புறம் பூப்பிடித்து உதிர்ந்த முருங்கை, அப்புறம் பால் மறந்த எருமை, அப்புறம் மூடிவிடப் போகிறோம் என்று மிரட்டின கிணறு, அதில் மூன்று முழம் தண்ணீர் ஏறியது. பாலிடெக்னிக்கில் ஆறு பேப்பர் பாக்கி வைத்திருந்த ஒருத்தனைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரம்பத்தைப் பார்த்த வேகத்தில் அவன் நாலு பேப்பர் எழுதித் தேறினான். டவுன்பஸ் ஒன்று மட்டும் கடைசிவரை ஸ்டார்ட் ஆகவில்லை. குருவம்மாவின் தோட்டத்தில் ரெண்டு வருஷமாய்க் கொடி இலையாய்ப் போய்க்கொண்டிருந்தது. குருவம்மாவே வந்து, வாசலில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, நாளைக்குத் தோட்டப்பக்கம் வந்துட்டுப் போ என்று சொன்னாள். அந்த வருஷம் அவள் பந்தலில் கொத்து ஒவ்வொன்றும் கைப்பிள்ளை கனம் இருந்தது.

இப்படியாக நாதஸ்வரத்துக்குத் தவில் மாதிரி அவர்கள் ரெண்டு பேரும் தோட்டம் தோட்டமாய், வெயிலில், வரப்பில், ஒருவர் முன்னே ஒருவர் பின்னே நடந்தார்கள். முதலில் பத்தடி இடைவெளி. வைகாசிக் கடைசியில் அது நாலடி ஆனது. அவர் ரம்பத்தைத் தட்டி, வெட்டிரவா என்பார். அவள் வேண்டாம் என்பாள். திரும்பி வரும்போது தோட்டத்துக்காரர் கொடுத்த காயைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஊரில் எல்லாரையும் அண்ணே, தம்பி, மாமா, சித்தப்பு என்று வாய் நிறைய முறை வைத்துக் கூப்பிடுகிறவள் அவரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், இங்கே பாருங்க என்பதோடு நிறுத்திக்கொண்டதை முதலில் கண்டுபிடித்தவள் குருவம்மாதான். “ஏன்டி பவுனு, லைட்டுக்காரனுக்கு மட்டும் உங்கிட்ட முறையே இல்லையாடி?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே திடுக்கிட்டுப் போனாள்.

ஆனி மாசம் ஒரு மத்தியானம், கொய்யாத் தோட்டம் ஒன்றில், வேலை முடிந்து மடையில் கால் கழுவும்போது தெய்வேந்திரன் சொன்னார். “பவுனு, மூணு மாசமா நான் எது கேட்டாலும் நீ வேண்டாம்னுதான் சொல்லியிருக்க. இப்ப ஒண்ணு கேக்கப் போறேன்.”

அவள் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். மடித் துணியில் இருந்த கொய்யாக்களைக் கலையாமல் பிடித்துக்கொண்டாள். அவர் கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மடியிலிருந்து நல்ல பழமாய்ப் பார்த்து ஒன்றை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு வரப்பேறினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பக்கம் பக்கமாய் நடந்தார்கள், அந்த வரப்பு ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய வரப்பாய் இருந்தபோதிலும்.

கண்ணாடி காய்த்ததற்கு மூன்று நாளில் பழகின ஊருக்கு இதற்குப் பழக ஆனி முழுக்கப் போதவில்லை. நடக்கிற காரியமா இது, என்றார்கள், ஊதா அப்பளத்தைக் கடித்துக்கொண்டு. யாருக்கும் அவர்கள் மேல் கோபமில்லை. நல்ல பொண்ணுதான், நல்ல மனுஷன்தான், பாவம்தான், எல்லாம் தான். ஆனால் அவள் வாக்குப் பலிப்பது அவள் இப்படித் தனியாய் இருக்கிறதனால்தானோ என்னவோ, நாளைக்கு மஞ்சள் கயிறு ஏறி வாக்குப் போய்விட்டால் தோட்டங்களின் கதி என்ன என்று ஆண்கள் கவலைப்பட்டார்கள். பெண்கள் கவலை வேறே. கட்டிக்கட்டுமே, யார் வேண்டாமென்றது, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும், மலையில் அருவிக்கரைக் கோயிலில் மாலை மாற்றிக்கொள்ளட்டும், நாங்களே வந்து அட்சதை போடுகிறோம். ஆனால் சங்க மண்டபத்தில், அந்த மணவறையில், அந்த விளக்குக்குக் கீழே? கன்னிப்பெண்கள் உட்கார்ந்து எழுந்திரிக்கிற இடம் அல்லவா. குருவம்மா வாயைத் திறந்து சொன்னாள், மனசு சம்மதிக்க மாட்டேங்குது பவுனு, நான் என்ன பண்ண.

தெய்வேந்திரன் விட்டுக்கொடுக்கிற சுபாவம். அருவிக்கரையிலேயே வைத்துக்கொள்வோம், எனக்கு நீ வந்தால் போதும், கூரை எதுவானால் என்ன என்றார். பவுன்தாய்க்கும் அவர் போதும்தான். ஆனால் இருபது வருஷமாய் அந்த மண்டபத்தின் ஒவ்வொரு கல்லையும் குனிந்து துடைத்திருக்கிறாள். அந்தக் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை, அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது, தெரிந்த பிறகு போகமாட்டேன் என்கிறது. திருட்டுத்தனமாய்க் கட்டிக்கிட்ட மாதிரி மலைக்குப் போய்க் கட்டிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணமில்லை, காய் பறிப்பார் இல்லை, கழுநீர் மட்டும் நாள் தவறாமல் விழுந்தது. சரவிளக்கு கண்டபடி காய்த்தது. கொத்துக்குக் கீழே கொத்து இறங்கி, மணவறையில் நிற்கிற ஆள் கை தூக்கினால் தொடும்படி வந்துவிட்டது. ஒருநாள் விளக்கு மாட்டிய கொக்கியைச் சுற்றிக் காரை பெயர்ந்து மணவறைக் கல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஊரே வந்து நின்றது. கவாத்து பண்ணாவிட்டால் பந்தல் உட்கார்ந்துவிடும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சுருளிச்சாமி காரை விழுந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, பாதி வெட்டினால் மறுபடி காய்க்கும், மறுபடி இறங்கும், பேசாமல் தண்டோடு அறுத்துவிடலாமா என்று யோசித்தார். யோசித்தாலும் முறைப்படி செய்ய வேண்டும் அல்லவா. தெய்வேந்திரனைப் பார்த்து, ஏறிக் கேளுப்பா என்றார்.

ஊர் முழுக்க மண்டபத்துக்குள். ஏணியில் தெய்வேந்திரன். அடுக்களை நிலையைப் பிடித்தபடி பவுன்தாய், எப்போதும் அவள் நிற்கிற இடத்தில்.

அவர் தட்டினார். காய்கள் எல்லாம் ஒரு சேரக் கிணுகிணுத்து அடங்கின. “வெட்டிரவா?”

பவுன்தாய் பதில் சொல்லவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். ஊரும் திரும்பிப் பார்த்தது. காது கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை தட்டிக் கேட்டார். யாரோ, சொல்லுத்தா, வேண்டாம்னு சொல்லு என்று கிசுகிசுத்தார்கள். கொக்கியிலிருந்து துளித் துளியாய் மணல் உதிர்ந்தது.

“எலுமிச்சைக்குச் சொன்னேன், முருங்கைக்குச் சொன்னேன்” என்றாள் பவுன்தாய். அவள் குரல் உயரவில்லை. “எருமைக்கும் கிணத்துக்கும் சொன்னேன், நான் பொறுப்புன்னு. இந்த விளக்குக்கும் சொன்னேன். எனக்குன்னு சொல்ல யாரு இருக்கா இங்க? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. அப்புறம் நான் இதுக்குச் சொல்றேன்.”

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். எலுமிச்சைக்காரர் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். நாலு பேப்பர் தேறினவன் வாயைத் திறந்து, அப்பா முறைத்ததும் மூடிக்கொண்டான். ஏணியின் மேலே தெய்வேந்திரன் ரம்பத்தைப் பிடித்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லலாம், ஆனால் மிரட்டுகிறவனே பரிந்து பேச முடியாது, அது முறையில்லை.

குருவம்மா முன்வரிசையில் நின்றாள். அவள் பவுன்தாயைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். “ஏங்க, ஆவணி இருபத்தாறு யாரு பேருல இருக்கு?” என்று கேட்டாள்.

சுருளிச்சாமி திகைத்து, சட்டைப்பையிலிருந்து மண்டபத்து நோட்டை எடுத்துப் புரட்டி, காலியாகத்தான் இருக்கிறது என்றார்.

“எழுதுங்க. பவுன்தாய்னு எழுதுங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது, மேட்டில் ஏறினவள் மாதிரி. “நான் பொறுப்பு” என்றாள். பிறகு, அதைச் சொன்னதை யாரும் கவனித்துவிடக் கூடாது என்பது போல, சமையல்காரர் பக்கம் திரும்பி, “என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற, எத்தனை இலை வரும்? பாயசம் ஒண்ணா ரெண்டா?” என்று அதட்டினாள்.

அவ்வளவுதான். சம்மதம் என்று அந்த ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை. அறுநூறு இலை என்று ஒருவர் சொன்னார், எண்ணூறு என்று இன்னொருவர். கத்திரிக்காய் நான் தருகிறேன் என்றார் ஒருவர். சேமியாப் பாயசம் போட்டால் நான் வரமாட்டேன் என்று ஒரு மாமா இப்போதே கோபித்துக்கொண்டார். சண்டை நன்றாகச் சூடு பிடித்த பிறகு பவுன்தாய் நிலையை விட்டு நடந்து வந்து, ஏணிக்குக் கீழே நின்று, அண்ணாந்து, “வேண்டாம், விட்டுருங்க. பாதி மட்டும் வெட்டுங்க, தண்டை விடுங்க” என்றாள். அவர் குனிந்து பார்த்த பார்வையை விளக்கிடம் பேசுகிற பார்வை என்று யாரும் சொல்ல முடியாது.

அன்றைக்கே கவாத்து நடந்தது. வெட்டின காய்களை வீட்டுக்கு ஒன்றாய்ப் பிள்ளைகள் கொண்டு போனார்கள். மிச்சம் கொக்கிக்கு நோகாத அளவுக்கு நின்றது. பழைய கணக்கைவிட அஞ்சாறு கூடவே இருக்கும்.

ஆவணி இருபத்தாறில் மழை இல்லை. அரக்குச் சேலையில் பவுன்தாய் மணவறையில் உட்கார்ந்திருந்தாள். கெட்டிமேளத்துக்குக் கை உயர்ந்தபோது கால் அவளை அறியாமல் எழுந்திரிக்கப் பார்த்தது, அவள் பெருவிரலைக் கல்லில் அழுத்தி உட்காரவைத்தாள். தெய்வேந்திரனுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. ஆயுசுக்கும் வயர் முடிந்த கை மஞ்சள் கயிற்றையும் வயர் மாதிரியே முறுக்கப் பார்த்தது. மூன்றாவது முடிச்சைப் போட அவருடைய கடைசித் தங்கச்சி முந்துவதற்குள் குருவம்மா முந்திப் போட்டுவிட்டாள், அதற்கு அந்தத் தங்கச்சி ரெண்டு வருஷம் பேசவில்லை என்பது வேறே கதை. விளக்கு எரிந்தது. இருபத்துநாலு பல்பும் எரிந்தன. மஞ்சளரிசி மேலிருந்து விழும்போது ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு நிறமாய் விழுந்தது, தொட்டு எடுத்தால் மஞ்சள்தான்.

அப்போது பந்திப் பக்கமிருந்து ஓடிவந்த ஒரு குழந்தை, பாயச டம்ளரோடு மணவறைக்கு முன்னால் தடுக்கி விழுந்தது. பாயசம் கல்தளத்தில் நீளமாய் ஓடியது. பவுன்தாய் மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்; துடைக்கிற துணி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வரைக்கும் கண்ணுக்குள் வந்துவிட்டது. ஒரு கை அவள் தோளைப் பிடித்து அமுக்கியது.

“உக்காருடி” என்றாள் குருவம்மா.

குருவம்மாவே போய்த் துணி எடுத்து வந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி முனகியபடி, எல்லாரும் பார்க்கக் குனிந்து துடைத்தாள். துடைத்துப் பழக்கமில்லாத துடைப்பு. தூணோரம் ஒரு கோடு அப்படியே கிடந்தது, அதில் விளக்கு வெளிச்சம் ஏழு நிறமாய்ப் பட்டு மினுங்கியது. பவுன்தாய் அதைப் பார்த்தாள். மதினி, தூணோரம் விட்டுட்டீங்க என்று சொல்ல வாய் வந்தது, கை துறுதுறுத்தது. சொல்லவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், எறும்பு வரும் வரைக்கும்.